வெளுத்துப்போன புல்லட் மூடிகள்: புளியும் பல்பொடியும் மண்ணெண்ணெயும் கொண்டு கையால் பாலிஷ் போட்ட வேலையின் முழு விவரம்

வண்டி 1980-களில் வாங்கிய 350 சிசி புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பு. வண்டிக்காரர் என் பெரியப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையில் இருக்கிறார். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர். அங்கே பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் அதை விற்க மாட்டார்கள். ஓட்டாவிட்டாலும் துடைத்து வைப்பார்கள்.

அந்த வண்டி சில ஆண்டுகள் ஆம்பூரில் அண்ணனிடம், அதாவது பெரியப்பா மகனிடம், இருந்தது. திரும்பி வந்தபோது இன்ஜினின் இரண்டு பக்கத்து அலுமினிய மூடிகளும் சாம்பல் நிறத்துக்கு மங்கிப்போய், அவற்றின் மேல் தேமல் படர்ந்த மாதிரி வெள்ளைத் திட்டுகளோடு இருந்தன. கியர்பாக்ஸ் மூடியில் விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிந்தது. பெரியப்பா வேலூரில் ஒரு பஃபிங் (சுற்றும் சக்கரத்தில் வைத்துப் பாலிஷ் போடும்) கடையில் விசாரித்தார். எல்லா மூடியையும் கழற்றிக் கொண்டு வரச் சொன்னார்கள். இன்ஜினைப் பிரிக்க அவருக்கு மனமில்லை. "நீ வந்து பாருப்பா, கையாலயே எதுனா பண்ண முடியுமா" என்று என்னைக் கூப்பிட்டார்.

கையால் செய்யலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் கூலிக் கணக்கு இல்லை. பஃபிங் சக்கரம் வேகமானது; அந்த வேகத்தில் விளிம்புகள் மழுங்கிவிடும், ஸ்க்ரூ ஓட்டைகள் ஒரு பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகிவிடும். சக்கரத்தை அலுங்காமல் பிடிக்கத் தெரிந்த கைகள் உண்டு. ஆனால் நம் மூடி எந்தக் கைக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. பழைய புல்லட்டின் மூடிகளுக்குள்ள அந்தக் கூர்மையான ஓரம் ஒருமுறை போனால் போனதுதான்.

வீட்டிலுள்ள பொருளை வைத்தே அலுமினியத்தைப் பளபளப்பாக்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, கையில் கிடைத்ததைத் தடவித் தேய்த்து மூடியைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எப்படி இப்படி ஆனது

இரண்டு தனித்தனிக் காரணங்கள். இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் மருந்து தேடினால் ஒன்றுக்குப் போட்டது மற்றொன்றைக் கெடுக்கும்.

அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே தன் மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஆனால் அது உலோகத்தை விடப் பல மடங்கு கடினமானது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். அந்தப் படலம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரின் பி.எச். ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் படலம் நிற்கும். அதற்குக் கீழே புளிப்பு அதிகமானாலும் கரையும், அதற்கு மேலே காரம் (சோடா, சுண்ணாம்பு வகைத் தன்மை) அதிகமானாலும் கரையும். இரும்பு அப்படியில்லை, பித்தளை அப்படியில்லை. அலுமினியத்துக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

முதல் காரணம் ஆம்பூரின் போர்வெல் தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் தொழில். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடும் முன் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவி எடுப்பார்கள். அந்தக் கழிவுநீர் பல பத்தாண்டுகள் நிலத்தில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த மாசு பற்றித்தான். குடிக்க முடியாத தண்ணீர் வண்டி கழுவவாவது ஆகட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு ஆக்சைடு படலத்தில் எங்கே பலவீனம் என்று தேடிப் போய் ஊசி முனை அளவுக்குத் துளைக்கும். துளைத்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். வெயிலில் கழுவி அப்படியே காய விட்டால் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மட்டும் அந்தச் சொட்டு நின்ற இடத்தில் தங்கிவிடும். மூடியில் இருந்த வெள்ளைத் திட்டுகள் இவைதான்.

இரண்டாவது காரணம் ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. திட்டுகளைப் பார்த்து அண்ணன் அங்கே கொண்டுபோயிருக்கிறார். கிரீஸ் போக அவர்கள் அடித்த நுரை காரம் மிகுந்தது. காஸ்டிக் சோடா கலந்த எதுவும் அலுமினியத்தின் மேல் பட்டால் குமிழி விடும்; அந்தக் குமிழி ஹைட்ரஜன். அழுக்கு பொங்கி வருகிறது என்று பார்ப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். பொங்கி வருவது மூடியின் உலோகம். அதுவும் இன்ஜின் மூடி சுத்த அலுமினியம் இல்லை, வார்ப்புக்குத் தோதாக சிலிக்கான் சேர்த்த கலவை. காரம் அலுமினியத்தைக் கரைக்கும், சிலிக்கானை அவ்வளவாகத் தொடாது. கரையாமல் நின்ற சிலிக்கான் துகள்கள்தான் அந்தச் சாம்பல் கறுப்பு. அதனால்தான் வெந்நீரும் சோப்பும் போட்டு எவ்வளவு கழுவினாலும் அது போகவில்லை.

கை வைக்கும் முன்

ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். காந்தம் ஒட்டினால் அது இரும்பு, மேலே குரோம் பூச்சு. ரிம், சைலன்சர், மட்கார்டு கம்பி எல்லாம் அந்த வகை. இவற்றின் மேல் உப்புத்தாள் படக் கூடாது. குரோம் படலம் மெல்லியது, கீறினால் துரு கிளம்பும். ஒட்டாதவை அலுமினியம்: இடது பக்கத்துப் பிரைமரி செயின் மூடி, வலது பக்கத்து டைமிங் மூடி, கியர்பாக்ஸ் மூடி, டேப்பட் மூடி, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்).

அடுத்தது, மேலே லேக்கர் என்ற நிறமில்லாப் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது. இதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிப்பவர்கள்தான் "எவ்வளவு தேய்ச்சாலும் ஒண்ணும் ஆகல" என்பார்கள். வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் உலோகம் திறந்து கிடக்கிறது. துணி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நீங்கள் தேய்த்தது பூச்சை. இந்த வண்டியில் மூடிகளில் துணி உடனே கறுத்தது. முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியில் மட்டும் கறுக்கவில்லை. அங்கே பூச்சு முழுசாக இருந்தது. அதைத் தொடவில்லை. அனோடைஸ் செய்த (மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய) பாகங்களிலும் துணி இப்படித்தான் கறுக்காது. அவற்றையும் விட்டுவிடுவதே சரி.

புளி, எலுமிச்சை, உப்பு

குக்கரின் உள்பக்கம் கறுத்துப்போனால் நம் வீடுகளில் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள், வெளுத்துவிடும். பெரியம்மா அதைச் சொல்லி, "இதுக்கும் புளியைப் போட்டு ஊற வைய்யேம்பா" என்றார். சரியான யோசனை. காரத்தில் கெட்ட அலுமினியத்துக்குப் புளிப்புதான் மாற்று. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். இரண்டும் வெள்ளைப் பூப்பைக் கரைக்கும். உலோகத்தை மெதுவாகத்தான் தொடும் என்பதால் கைக்கு அடங்கும்.

ஆனால் பெரியம்மா ஜாடியிலிருந்து எடுத்து வந்த புளியை வேண்டாம் என்றேன். நம் வீடுகளில் ஒரு வருஷத்துக்கு வாங்கிய புளியைக் கல்லுப்பு போட்டுப் பிசைந்துதான் ஜாடியில் அடைப்போம். சமையலுக்கு அது நல்லது. அலுமினியத்தின் மேல் புளிப்பும் உப்பும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆம்பூர்த் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் செய்ததை ஒரு ராத்திரியில் செய்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கலாம். பித்தளை தாங்கும், இது தாங்காது. கடையில் புதிதாக, உப்புச் சேர்க்காத புளி வாங்கி வந்தோம்.

இன்னொன்று: விளக்குத் தேய்த்த புளிச் சக்கையையோ, அந்தத் துணியையோ இதற்கு எடுக்கவே கூடாது. அதில் கரைந்த செம்பு இருக்கும். செம்பு அலுமினியத்தின் மேல் படிந்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி அலுமினியம் அரிக்கும். பித்தளைக்கு ஒரு துணி, அலுமினியத்துக்கு ஒரு துணி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் கொண்டு கிரீஸை எடுத்தோம். பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு, குடிநீர்க் குழாயில் வந்த தண்ணீர். துணி சோப்புக் கட்டி வேண்டாம், அதில் காரம் அதிகம். துடைத்துக் காய்ந்த பிறகு கெட்டியாகக் கரைத்த புளியைத் திட்டுகளின் மேல் பூசி, பத்து நிமிஷம் விட்டு, மென்மையான பிரஷால் வட்டமாகத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளைப் பூப்பு போயே போய்விட்டது. அதன் அடியில் இருந்த குழிகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. சாம்பல் நிறம் கொஞ்சம் வெளுத்து, மூடி முழுக்க ஒரே சீரான மங்கல் வெள்ளையானது. பளபளப்பு துளிகூட வரவில்லை. வரவும் வராது, புளி செய்வது சுத்தம் மட்டும்.

எந்தப் பொடி எதற்கு

பிரைமரி மூடியின் அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே டேப் ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, வீட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தோம். முடிவைச் சொல்கிறேன்.

வெள்ளைப் பல்பொடி நன்றாக வேலை செய்தது. அதில் இருக்கும் நைசான சுண்ணக்கல் தூள் அலுமினியத்தை விடச் சற்றே கடினம்; அதனால் ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாக அறுக்கும். தண்ணீரில் குழைப்பதை விட மண்ணெண்ணெயில் குழைத்தால் இரண்டு மடங்கு நன்றாக இழுக்கிறது. வெள்ளைப் பற்பசையும் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. விபூதி மிக மென்மையாகத் தேய்த்தது. கடைசி மெருகுக்கு ஆகும், ஆனால் பொட்டலத்துக்குப் பொட்டலம் தரம் மாறுகிறது. விரலிடையில் நெருடினால் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பொடி வேகமாக அறுத்தது, கோடும் போட்டது. கோலமாவு கல் தூள். போட்ட இடத்தில் ஆழமான கீறல், அதை எடுக்கத் தனி வேலை. ஆப்ப சோடா உடனே தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போகிறது. ஊற விட்டால் மங்கல்தான். சலவை சோடா, அடுப்புச் சாம்பல், வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாம் காரம் என்பதால் சோதனைக்கே எடுக்கவில்லை. கழிவறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. இவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடியைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்க மாட்டான்.

இரும்புக் கம்பி நாரைப் பலரும் எடுக்கிறார்கள். அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் புதைந்துகொள்ளும், முதல் மழையில் பழுப்புப் புள்ளிகளாக எழும்பும். கண்டிப்பாக வேண்டாம்.

பெரியப்பா தன் பெட்டியிலிருந்து பிராஸோ என்ற மெட்டல் பாலிஷ் டப்பா எடுத்து வந்தார். பெல்ட் பக்கிளும் பட்டனும் தேய்த்த பழக்கம். கட்டங்களில் மிக வேகமாக மினுங்கியது அதுதான். ஆனாலும் கட்டத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பல்பொடி, பிராஸோ எதுவானாலும் மேடுகள் மட்டும் மினுங்குகின்றன, மேடுகளுக்கு இடையே காரம் அரித்த பள்ளங்கள் சாம்பலாகவே நிற்கின்றன. தூரத்தில் பார்த்தால் ஒரு புகை மூட்டம். அந்தப் புகையை எந்தப் பாலிஷும் எடுக்காது. பள்ளத்தின் அடிமட்டம்வரை மேட்டைத் தேய்த்து இறக்கினால்தான் போகும். அதற்கு உப்புத்தாள்தான் வழி. முழு வேலையில் பெரும்பங்கு உப்புத்தாளுக்குத்தான் போனது. பாலிஷ் போட்டது கடைசிக் கொஞ்ச நேரம்.

உப்புத்தாள்

பிரைமரி மூடியைக் கழற்றினோம். கீழே தட்டு வைத்து எண்ணெயை வடித்து, இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்த பிறகு, நடுவில் இருக்கும் ஒரே நட்டைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தில் மண்ணெண்ணெய் படாமல் எடுத்து வைக்க வேண்டும், பட்டால் உப்பிவிடும். மூடி போய் உட்காரும் விளிம்பு முகத்தில் டேப் ஒட்டினேன். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் கசியும். டைமிங் மூடியையும் கியர்பாக்ஸ் மூடியையும் வண்டியிலேயே வைத்துத் தேய்த்தோம்.

ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று வாங்கியிருந்தோம்; நம்பர் கூடக் கூடத் தாள் நைசு. அலுமினியம் மென்மை என்பதால் உலர்வாகத் தேய்த்தால் துகள் தாளில் அப்பிக்கொள்ளும். அப்பிய உருண்டை புதுக் கீறல் போடும். மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் துகள் வழிந்துவிடும். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது. இல்லாதவர்கள் கொஞ்சம் டீசலோ, சோப்புத் தண்ணீரோ வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் வெட்டவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். நனைந்த துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது.

தாளை வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். பழைய ஹவாய் செருப்பின் அடியை வெட்டி அதில் தாளைச் சுற்றிக்கொண்டேன். வளைவுக்கு வளையும், தட்டைக்குத் தட்டையாக நிற்கும். ஸ்க்ரூ பள்ளங்களுக்கு ஐஸ் குச்சியில் சுற்றிய தாள்.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். 400-ஐ முழுக்க மேலும் கீழுமாக ஓட்டினேன். அதன் பிறகு 600-ஐ இடம் வலமாக மட்டும். திசையை மாற்றுவதற்குக் காரணம் உண்டு: 600 போட்ட பிறகு மேல்கீழ்க் கோடு ஒன்று கண்ணில் பட்டாலும் அது 400-இன் மிச்சம் என்று தெரிந்துவிடும். அந்தக் கோடு மறையாமல் 800-க்குப் போகக் கூடாது. போனால் 2000 முடித்து பாலிஷும் போட்ட பிறகு அந்த ஒற்றைக் கோடு வெயிலில் பல்லை இளிக்கும், திரும்ப 600-இலிருந்து வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் மூடியையும் கையையும் கழுவி, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். 400-இன் ஒரு மணல் துகள் 1500-இல் மாட்டினால் போதும், கெட்டது.

வாரக் கடைசிச் சாயங்காலங்களில் திண்ணை நிழலில் வைத்துத்தான் செய்தோம். வெயிலில் சூடேறிய உலோகத்தில் ஈரம் நிற்காது. மண்ணெண்ணெய் உலர்ந்து தாள் பிடித்துக்கொள்ளும். கத்திரி காலத்து வேலூர் வெயிலில் இதை முயலவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் மூடியில் குழிகள் ஆழம். 400-இல் நிறையத் தேய்த்தும் ஏழெட்டுக் குழிகள் மிஞ்சின. இன்னும் கரகரப்பான தாளை எடுத்திருந்தால் போயிருக்கும், ஆனால் அந்த இடம் மட்டும் பள்ளமாகி மூடியின் வடிவமே மாறும். குழி இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பெரியப்பாவுக்கு முதலில் மனசில்லை. மூடியைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சரி, உடு. வண்டிக்கும் வயசாவுது இல்ல" என்றார்.

கறுப்பு

2000 முடிந்தபோது மூடி மினுங்கவில்லை, சீரான சாம்பல் பட்டுத்தன்மையோடு இருந்தது. இங்கே நிறுத்திக்கொண்டால்கூட அழகுதான். பலருக்கு இந்த மங்கல் மெருகே பிடிக்கும்.

பல்பொடியை மண்ணெண்ணெயில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டு, உள்ளங்கை அளவு இடமாக எடுத்துத் தேய்த்தோம். சில நொடிகளில் வெள்ளைக் குழம்பு கன்னங்கரேல் என்றாகும். அண்ணன் துணியை மாற்றி மாற்றித் துடைத்துவிட்டு, "இன்னாடா இது, தொடைக்கத் தொடைக்க கறுப்பாவே வந்துக்கினு கீது. அழுக்கு தீரவே தீராதா?" என்று கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டு சொன்னார்: "அது அழுக்கு இல்லடா. பக்கிள் தேய்ச்சவனைக் கேளு. உலோகம் அறுபடுது."

அதுதான் உண்மை. அந்தக் கறுப்பு, மிக நுண்ணிய அலுமினியத் துகளும் ஆக்சைடும் சேர்ந்தது. தேய்க்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். துணி வெள்ளையாக வரும்வரை தேய்ப்பேன் என்று கிளம்பினால் மூடி ஓட்டையாகும்வரை தேய்க்கலாம். செய்ய வேண்டியது வேறு: கறுப்புக் குழம்பை அப்படியே வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது காயக் காயத் துகள்கள் உடைந்து இன்னும் நைசாகும், துணி இழுப்பது லேசாகும், அந்த நேரத்தில்தான் மெருகு ஏறும். பிறகு சுத்தமான பனியன் துணியால் ஒரே மூச்சில் துடைத்தால் கறுப்புக்கு அடியிலிருந்து வெளிச்சம் வரும். பல்பொடிக்குப் பிறகு அதே முறையில் பிராஸோ. கடைசியாக, மேலே நிற்கும் எண்ணெய்ப் புகையை எடுக்க உலர்ந்த மைதா மாவைத் தூவிச் சுத்தமான துணியால் துடைத்தேன். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. பாலிஷுக்குப் பிறகு நிற்கும் அந்த நீல மங்கல் போய்விடும்.

எவ்வளவு தேறியது என்பதற்கு ஒரு சோதனை வைத்தோம். அன்றைய செய்தித்தாளை மூடிக்கு நேரே பிடித்து, எவ்வளவு தூரத்தில் பிம்பத்தில் எழுத்து தெரிகிறது என்று பார்ப்பது. 1000 முடிந்தபோது தாள் ஒட்டி இருந்தால்தான் கறுப்பு நிழல் தெரிந்தது. 2000-இல் ஒரு விரல் தூரத்தில் தலைப்பின் உருவம். பிராஸோவுக்குப் பிறகு பிரைமரி மூடியில் ஒரு சாண் தூரத்தில் தலைப்பை இடம் வலம் மாறிய எழுத்தில் படிக்க முடிந்தது. கியர்பாக்ஸ் மூடியில் அதில் பாதி. புது எவர்சில்வர் மாதிரிப் பளிச்சென்று இருக்காது. சிலிக்கான் கலந்த வார்ப்பு என்பதால் கொஞ்சம் நீலம் ஓடிய மெருகுதான் வரும். பழைய புல்லட்டுக்கு அந்த நிறம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஹப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டுச் சுற்றும் சக்கரத்தில் துணியைப் பிடித்து ஹப்பைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். துணி ஸ்போக்கில் மாட்டும், விரலும் கூடவே போகும். இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித்தான் தேய்க்க வேண்டும். டிரம்முக்குள் மண்ணெண்ணெய் இறங்கினால் பிரேக் பிடிக்காது என்பதால் ஹப்புக்கு மட்டும் தண்ணீரில் குழைத்த பற்பசையே போதும் என்று வைத்துக்கொண்டோம். ரிம்மில் இருந்த லேசான துருவை, சாப்பாட்டுப் பொட்டலத்தின் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்துவிட்டோம். குரோமை அது கீறாது.

மழைக்குப் பிறகு

மெழுகு போட்டுக் காக்கலாமா என்று பெரியப்பா கேட்டார். சாதாரண மெழுகு 50, 60 டிகிரியிலேயே உருகும். இன்ஜின் மூடி அதற்கு மேல் சூடாகும். அதனால் ஹப்புக்கும் டேங்குக்கும் கார் மெழுகு, மூடிகளுக்கு ஒன்றும் இல்லை. தேங்காய் எண்ணெய் பூசலாம் என்று ஒரு பேச்சு வந்தது; அது பிசுபிசுத்து மண்ணை இழுக்கும் என்று விட்டுவிட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். ஹப் நன்றாக இருந்தது. பிரைமரி மூடியில் மெல்லிய மங்கல், பிராஸோ தொட்ட துணி ஒருமுறை போனதும் திரும்பியது, உப்புத்தாள் தேவைப்படவில்லை. அதிகம் மங்கியது டைமிங் மூடி. சைலன்சர் குழாய் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது, சூடும் சேறும் அங்கேதான் சேரும். கியர்பாக்ஸ் மூடியில் விட்டுவைத்த குழிகளில் இரண்டில் மறுபடி வெள்ளைப் பொடி. குழிக்குள் உப்பு மிச்சம் இருந்திருக்கிறது. ஊசியால் நெருடி, உப்பில்லாத புளியைப் பஞ்சில் தொட்டு வைத்து, நல்ல தண்ணீரால் பல முறை கழுவிக் காய வைத்தோம்.

இப்போது வண்டி கழுவுவது காவிரிக் குடிநீர் வரும் நாளில், ஒரு பக்கெட்டில், இன்ஜின் ஆறிய பிறகு. கழுவிய கையோடு துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும் என்பது பெரியப்பா வீட்டில் எல்லோருக்கும் போட்ட உத்தரவு. வாட்டர் சர்வீஸுக்கு அனுப்புவது நின்றுவிட்டது. முன் ஃபோர்க்கில் லேக்கர் ஓர் ஓரத்தில் மஞ்சளாகி உரிய ஆரம்பித்திருக்கிறது. அது முழுக்க உரியட்டும், அதுவரை அதன் மேல் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.